நம்மது இல்ல

மகளை இன்றைக்கு எப்படியும் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். காரில் ஏறும்போதே சொர்ணலட்சுமி முடிவு செய்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தச் சத்தம். சிவகாசியில் அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. தெருவே மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தது. சத்தம் கேட்டால் அந்த ஊரில் யாரும் 'என்ன' என்று கேட்பதில்லை. 'எந்தப் பக்கம்' என்றுதான் கேட்பார்கள்.

புகை தாயில்பட்டிப் பக்கம்.

அங்கே அவள் கணவர் நவநீதகிருஷ்ணனுக்குப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. பதறிப்போய் போன் போட்டாள்.

"நம்மது இல்ல," என்றார் அவர்.

மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். நம்மது இல்லை என்று தெரிந்துவிட்டால், அடுப்பில் விட்ட குழம்பைக் கிண்டப் போய்விடலாம்.

இந்தத் தடவை போக முடியவில்லை. மகள் அனுப்பிரியா டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடமும் அந்தப் பக்கத்துக் கிராமத்தில்தான். எத்தனை தடவை அடித்தும் அவள் போனை எடுக்கவில்லை.

டீச்சர் வேலையாம். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. கம்பெனியைப் பார்த்துக்கொள்வாள் என்று எம்.பி.ஏ. படிக்க வைத்தார்கள். அப்போதும் இதே மாதிரி ஒரு வெடிவிபத்து. நம்மது இல்லை என்றதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளும்தான் உட்கார்ந்தாள். மறுவாரம் விபத்து நடந்த ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்தவள், பி.எட். சேரப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"தாய் செத்த எடத்துல மக வந்து உக்காந்து வேலை பாக்காம்மா. படிச்சு வேற வேலை தெரிஞ்சா வந்து உக்காருவாளா? இது தெரியாம நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

முதலாளி மகள் ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டாள் என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. இப்போது உயிருக்கே உலை வைத்திருக்கிறது அந்த வேலை.

பாதி வழியில் கணவர் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நீ அந்தப் பக்கம் போகாதே, திரும்பி வா என்றார். பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் தனக்குச் சோறு இறங்காது என்று போனை வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம். வேறு வேறு கம்பெனியில் வேலை பார்க்கிற தாய்மார்கள், கையில் ஒட்டிய வெடிமருந்தைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார்கள். பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதுவரை வாயடைத்து நின்ற பிள்ளைகள், அம்மாவைப் பார்த்த பிறகுதான் அழுதன.

வகுப்பறையில் அனுப்பிரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்பு இசைவாணி. டீச்சரின் போன் அவள் கையில் இருந்தது. விடாமல் தன் அம்மா நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே எடுக்க ஆள் இல்லை.

மகளை முழுசாகப் பார்த்ததும் சொர்ணலட்சுமிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"கெளம்பு. இன்னையோட போதும் இந்த வேலை. உசுரு போயி உசுரு வந்திருக்கு எனக்கு. நல்ல காலம், நம்மது இல்லன்னு அப்பா சொன்னாக."

அனுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா பொய் சொல்லலம்மா. குத்தகைக்கு விட்டுட்டா அது நம்மது இல்லன்னுதான் அவுக நெனைப்பு. கம்பெனி கேட்டுல இருக்க பேரத்தான் மாத்தாம விட்டுட்டாக."

"எந்தப் பேரு?"

மகள் இசைவாணியைக் கண்ணால் காட்டினாள். சொர்ணலட்சுமி குனிந்து, அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். உங்கம்மா எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள்.

"சொர்ணலட்சுமி கம்பெனி," என்றது பிள்ளை.

பெண்டாட்டி ராசிக்காரி என்று, கல்யாணமான புதிதில் கணவர் அவள் பேரில் திறந்த கம்பெனி. குத்தகைக்கு விட்ட பிறகு வீட்டில் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவளும் சேர்த்ததில்லை.

அவள் போன் அடித்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியாச்சா என்று கேட்டார் கணவர்.

"அனு வரமாட்டா. இங்கன ஒரு பிள்ளைக்கு டீச்சர் வேணும்," என்றாள் சொர்ணலட்சுமி. "நான் என் கம்பெனிக்குப் போறேங்க. இந்தப் பிள்ளையோட அம்மாவத் தேடணும்."