மூன்று வீட்டுக் கையெழுத்து

"உங்களைத் தெரியாதுன்னு எப்பண்ணே சொன்னேன்? தெரியும்னு எழுதித் தர முடியாதுன்னுதானே சொல்றேன்!" டீச்சரம்மா கத்துகிற கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. படிக்குக் கீழே நிற்கிற ரிப்பேர்காரரின் கையில் லைசென்ஸ் விண்ணப்பம். அவரிடம் வேலை வாங்கிய மூன்று வீட்டுக்காரர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இன்று கடைசி நாள். ஆனால் லைசென்ஸ் இல்லாதவரிடம் வேலை வாங்கிய வீட்டுக்கும் அபராதம் உண்டாம். தெருவில் அவர் கை படாத குழாய் கிடையாது. விண்ணப்பத்தில் மூன்று கோடுகளும் காலி. "குளியலறைக் குழாய் மட்டும்னு எழுதுங்கம்மா, போதும்." "எழுதிட்டு, அபராதச் சீட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கிறேன். அதுக்கு ஆணியும் நீங்கதான் வந்து அடிக்கணும்!" பழக்கதோஷத்தில் அவர் கண் உள்சுவரில் ஆணிக்கு இடம் தேடுகிறது. அதற்குள் கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொள்கிறது. போன வருஷம் கீல் மாற்றியவர் அவர்தான். சாய்வெயில் காகிதத்தில் விழுந்து கண் கூசுகிறது. எதிர் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. உள்ளே குழாய் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. விண்ணப்பத்தை நாலாக மடித்து, திருப்புளி இருக்கிற பைக்குள் வைக்கிறார். அடுத்த மாதமே தங்கை இருக்கிற ஊருக்குக் குடிபோய்விட்டார். "அந்த அண்ணன் மாதிரி வேலை வராது" என்று டீச்சரம்மா இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வாயால் சொல்வதற்கு அபராதம் கிடையாதே.