நல்ல ஈரல்

அவள் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்துச் சொன்னார்கள். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனவள். லாரி. இப்போது நெஞ்சு மட்டும் இயந்திரத்தின் தயவில் ஏறி இறங்கியது.

அவன் கையை விட்டுவிட்டு வெளியே வந்தான்.

நடைபாதை பெஞ்சில் அத்தை இருந்தாள். அவன் மனைவி செல்வியைப் பெற்றவள். அவன் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். இரண்டு வருடமாகவே இருவருக்கும் நடுவில் அந்த இடம் இருந்தது.

உறுப்புகளைக் கொடுக்க இருவரும் சம்மதித்துவிட்டார்கள். கண்கள் சரி. சிறுநீரகங்கள் சரி. கல்லீரலுக்குத்தான் காத்திருந்தார்கள். பழைய நோய் கண்ட ஈரல். ஊசியால் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கொழுப்பு மிஞ்சியிருந்தால் எடுக்கமாட்டார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிடுவாவ. அத மட்டும் எவன் வாங்குவான்?" என்றாள் அத்தை, எதிர்ச்சுவரைப் பார்த்து. "அதுக்குத்தான எம்பிள்ளையப் பட்டினி போட்டிய."

அவன் மூடியிருந்த கதவைப் பார்த்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஈரல் முழுக்கக் கொழுப்பு. வடு விழத் தொடங்கியிருந்தது. செல்விக்கு முப்பதுகூட ஆகவில்லை. உடம்பைக் குறைக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்ற டாக்டர், காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார்.

இரைப்பையை முட்டை அளவாக்குவோம். குடலைத் திருப்பி இணைப்போம். சோறு ஒரு வழியில் போகும். பித்தநீர் இன்னொரு வழியில் வரும். தள்ளிப் போய்த்தான் இரண்டும் சேரும். குடல் ஈரலுக்கு அனுப்பும் சேதியே அதனால் மாறும். உடம்பு இளைக்கும் முன்பே ஈரல் தெளியத் தொடங்கலாம்.

"அப்ப ரெண்டும் வேற வேற பஸ் ஏறி, வள்ளியூர்ல போய்ச் சந்திச்சுக்கிடும். அப்படித்தான டாக்டர்?" என்றாள் செல்வி.

டாக்டரே சிரித்துவிட்டார்.

அத்தை சிரிக்கவில்லை.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம். கூழும் கஞ்சியும் தவிர வேறெதுவும் ஆகாத காலம். அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அத்தை சோற்றில் கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டி மகள் வாயருகே கொண்டுபோனாள். ஒரே ஒரு வாய் என்றாள். பெற்றவள் கைச்சோறு எந்தப் பிள்ளையைக் கொன்றிருக்கிறது என்றாள். வேண்டாம் என்று சொல்லச் செல்விக்கும் மனம் வரவில்லை.

விடிய விடிய வாந்தி. கடைசியில் ரத்தம். மறுபடி ஆஸ்பத்திரி.

இனி இந்த வீட்டில் நீங்கள் அடுப்பைத் தொடக் கூடாது என்றான் அவன்.

அவள் தொடவில்லை. வருவாள். மகள் முகத்தைப் பார்ப்பாள். பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் திரும்பிப் போவாள்.

செல்வி கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டாள். கல்யாணப் பந்தியில் பாதி இட்லியோடு எழுந்தாள். புருசன் சோறு போடலியோ என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக் காட்டினாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதையும் பொறுத்தாள்.

வீணாகிவிடக் கூடாது.

இப்போது அவனுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஈரலை வேண்டாம் என்று விட்டுவிட்டால், அவள் உண்ணாமல் விட்ட அத்தனை சோறும் வீண்.

கதவு திறந்தது. இளம் பெண் டாக்டர். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"கொழுப்பு அநேகமா இல்ல சார். வடுவும் ஆறியிருக்கு. நல்ல ஈரல். எடுத்துக்கிறோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சையில் பிள்ளை தேறிவிட்டதாகக் கேட்ட தகப்பனைப்போல. வந்த சிரிப்பு போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது.

அத்தை எழுந்தாள்.

"டாக்டரம்மா. வாங்குதவியளுக்கு வயிறு முழுசாத்தான இருக்கும்? வெட்டலியே?"

"இல்லம்மா. அவங்க வயிறு அப்படியே இருக்கும்."

"அப்ப வயிறார உண்ணலாம்லா?"

"உடம்பு தேறினதும் சாப்பிடலாம்மா."

"கறி திங்கிற ஆளுகளா?"

டாக்டர் தயங்கினார்.

"யாருக்குப் போகுதுன்னு நாங்க சொல்லக் கூடாதும்மா."

அத்தை தலையை ஆட்டினாள். ஆனாலும் நகரவில்லை. டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் எழுந்து அத்தை அருகே போனான்.

"திம்பாவளாம் அத்தை," என்றான். "கறின்னா உசுராம்."