அட்டையில் கீறிய கைகள்

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எஸ்தருக்குக் குரல் எழவில்லை. மாடிவீட்டு வஹிதாதான் நாற்பது நாளாகக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். ‘நன்றி’ என்று சீட்டில் எழுதிக் காட்டுவது எஸ்தருக்குப் போதவில்லை. காலி ஜூஸ் அட்டை டப்பாவைப் பிரித்து, பளபளப்பான உட்பக்கத்தில், கிண்ணம் ஏந்திய வஹிதாவின் இரு கைகளையும் ஊசியால் கீறினாள். கீறல்களில் கறுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினாள். தாளை உரித்தபோது கைகள் பதிந்திருந்தன.

வஹிதா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “என் கைதானே இது? தீக்காயம்கூட இருக்கே! ஆனா எனக்கு வலது கையிலதானேக்கா காயம்? இதுல இடது கையில இருக்கு.”

அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை எஸ்தர் மறந்தே போயிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வெளியே வந்தது.

வஹிதா படத்தைக் கீழே வைத்துவிட்டு எஸ்தரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இன்னொரு தடவை சிரிங்க.”