செராய்க்கு இன்னும் ஒரு கூப்பன்

"இதுதான் உங்க ஊர்ல பீச்சாய்யா?"

ஆட்டோவை விட்டு இறங்காமலே பாண்டிச்செல்வி கேட்ட கேள்விக்கு, பழம்பொருள் கடை வாசலில் நின்ற விற்பனையாளர் ஷிஹாப் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். டிரைவர் செல்லப்பா தலையைச் சொறிந்தான்.

"கோச்சுக்காதீங்க மேடம். எதுவும் வாங்க வேணாம். வெளியூர்க்காரங்க உள்ளே போய்ச் சும்மா சுத்திப் பாத்தாலே கடையில எனக்கு டீசல் கூப்பன் தருவாங்க. இன்னும் ஒண்ணு சேர்ந்தாத்தான் செராய் பீச்சுக்குப் போய்ட்டுத் திரும்ப முடியும்."

"ஏலக்காய்க் கடையிலயும் இதைத்தானே சொன்னே? சால்வைக் கடையிலயும் இதைத்தானே சொன்னே?"

"இதுதான் கடைசி மேடம். சத்தியமா!"

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டுச்சேலை சரசரக்க இறங்கினாள். மட்டாஞ்சேரி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இருட்டுவதற்குள் வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஜங்கார் படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து, செராய்க் கடலில் கால் நனைத்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். எத்தனை தடவை தள்ளிப்போன ஆசை!

"மேடம், சாயா எடுக்கட்டே?" ஷிஹாப் பவ்யமாகக் கேட்டான்.

"சாயாவா? அப்படின்னா?"

"டீ, மேடம், டீ! இந்த விளக்கைப் பாருங்கோ. நூறு வருஷம் பழசு."

"நூறு வருஷமாவா யாரும் வாங்கலை?"

வாசலில் செல்லப்பா சிரிப்பை இருமலாக்கி விழுங்கினான். ஷிஹாப் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"மேடத்தை எவிடயோ கண்ட மாதிரி உண்டல்லோ?"

அவள் கறுப்புக் கண்ணாடியை இன்னும் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"மதுரைக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லை..."

"அப்போ கனவுல பாத்தீங்களா? டிரைவர்! பொம்பளைங்ககிட்ட இப்படித்தான் பேசுவாங்களா இந்தக் கடையில?"

குரல் தெருவரைக்கும் கேட்டது. ஷிஹாப் பதறிப்போனான்.

"ஐயோ மேடம், தப்பா நினைக்கருதே!" என்றபடி கூப்பனைக் கிழித்துச் செல்லப்பாவின் கையில் திணித்தான்.

பெட்ரோல் பங்கில் டீசல் குடித்த ஆட்டோ பறந்தது. ஜங்கார் கிளம்பச் சங்கு ஊதும்போது கடைசி வண்டியாக ஏறி, அக்கரையில் முதல் வண்டியாக இறங்கியது. வைப்பின் சாலையில் இரண்டு பஸ்களை முந்தியது.

செராய்!

சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது. பாண்டிச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முதல் அலை முழங்காலில் மோதியது. இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, "ஜெயிச்சாச்சு!" என்று கத்தினாள்.

அவள் விட்டுப்போன செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான் செல்லப்பா.

"ஏ புள்ள, கடை கடையா என்னைத் திட்டுனியே, அது நடிப்புத்தானே?"

"பாதிதான் நடிப்பு. 'வர்ற ஞாயித்துக்கிழமை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிச் சொல்லியே, பன்னெண்டு வருஷமா மட்டாஞ்சேரி அரிசி மண்டியைத் தவிர வேற எதையும் காட்டாத புருஷனைப் பின்னே கொஞ்சுவாங்களாக்கும்?"