ஆடாமல் இரண்டு நாள்

"கையை எடு சொல்றேன்!"

சபோட்டா அம்மா எடுக்கவில்லை. மைன்சா ஒரே எட்டில் வந்து அடிபம்பின் கைப்பிடி மேலேயே உட்கார்ந்தாள். அது கிறீச்சென்று கீழே இறங்கியது.

"போச்சு. இதையும் அந்தப் பெட்டி எண்ணியிருக்கும்" என்றாள் சபோட்டா அம்மா.

"உன்னாலதான்."

"ஒரே ஒரு சட்டி, மைன்சா. கூழ் காய்ச்சணும்."

"ஆத்துக்குப் போ."

"ஆத்துல மணல்தான் இருக்கு."

"தோண்டு. ஊரே தோண்டலையா? ஆமா, என்ன சட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கே? உன் நீல வாளி என்னாச்சு?"

"ஓட்டை. உன் மஞ்சள் கேன் எங்கே? மூடிக்குப் பதிலா சோளக்கட்டை அடைச்சு வச்சிருப்பியே, அதையும்தான் காணோம்."

"வீட்டுல கிடக்கு" என்றாள் மைன்சா. "நீ நடையைக் கட்டு."

பம்ப் மழைக்காலம் முடிந்ததிலிருந்தே சரியில்லை. ஒரு வாளி நிரம்புவதற்குள் தோள் கழன்றுவிடும். கூப்பிட்டால் மெக்கானிக் வரமாட்டார். குடிநீர்த் திட்டத்துக்காரர்கள் பம்பின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போன சாம்பல் நிறப் பெட்டி சொன்னால்தான் வருவார். கைப்பிடி ஆடினால், பம்ப் வேலை செய்கிறது என்று அது அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். முழுதாக இரண்டு நாள் ஆடாமல் இருந்தால்தான் கெட்டுப்போனதாகக் கணக்கு.

எனவே இரண்டு நாள் யாரும் பம்பைத் தொடக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தது. காவல், பம்பைப் பார்த்துக்கொள்ளும் மைன்சாவின் தலையில் விழுந்தது. சங்கிலி போட்டுப் பூட்டிவிடலாம் என்றாள். 'நாங்க என்ன திருடங்களா?' என்று எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள்.

இது மூன்றாவது முயற்சி.

மைன்சா கறையான் புற்றின் மேல் ஏறினாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும்.

"அம்மா, உங்க பம்புக்கு என்ன குறை?" என்றான் அலுவலகத்து டிக்சன். "எங்க பட்டியல்ல உங்க ஊர்தான் முதல்ல நிக்குது. அவ்வளவு அடி அடிக்கிறீங்க."

"ஒரு வாளிக்கு நூறு தடவை அடிச்சா அப்படித்தான் நிக்கும்!"

"அடிக்கிறீங்கன்னா ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"நேத்து யாரும் தொடலைப்பா."

"நேத்தும் ஆடியிருக்கு. இன்னிக்கும் ஆடியிருக்கு. விடியறதுக்கு முன்னாடி, விட்டு விட்டு."

மைன்சா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு வாளி அடிச்சாக்கூட அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. புது மாடல்."

அவள் போனை இடுப்பில் செருகினாள். பிறகு புற்றின் மேலிருந்தே ஊரைப் பார்த்துக் கத்தினாள். "எந்தப் பேராசை பிடிச்சவ, வண்டி வண்டியா இறைக்கிறவ? இன்னிக்குப் பிடிக்காம விடமாட்டேன்!"

வீடு வீடாகச் சோதனை தொடங்கியது.

ஊர்த்தலைவர் சிமுச்சிம்பாவின் பானையில் ஆற்றுத் தண்ணீர், சாம்பல் கரைத்தது போல.

"குளிச்சீங்களா தலைவரே?"

"நாலு நாளாச்சு. சந்தேகமா இருந்தா கிட்ட வந்து மோந்து பாரு."

மைன்சா கிட்டே போகவில்லை. தலைவர் தானும் சோதனையில் சேர்ந்துகொண்டார். சபோட்டா அம்மாவும் வந்தாள். "என் வீட்டை முதல்ல பாருங்க. மடியில கனம் இருக்கறவதான் பயப்படணும்" என்றாள். அவள் வீட்டிலும் கலங்கல்தான். அடுத்த வீட்டிலும் கலங்கல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள்.

"பானையெல்லாம் சேறு. அப்ப யாரு குடிக்கிறா அந்தத் தண்ணியை? பேயா?" என்றார் தலைவர்.

மீதம் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம் பீன்சுவின் வீடு.

"அங்கே எதுக்கு? பிள்ளை பெத்த வீடு" என்றாள் சபோட்டா அம்மா.

"தொப்புள்கொடி இன்னும் விழலை. உள்ளே போறது முறையில்லை" என்றார் தலைவர்.

"அவ பாவம், வாசலைத் தாண்டி வரக்கூடாதவ. அவளா இறைக்கப்போறா?" என்றாள் மைன்சா. "வாங்க திரும்பலாம்."

எல்லாரும் உடனே திரும்பினார்கள்.

உள்ளிருந்து பீன்சுவின் குரல் கேட்டது. "யாரது, தண்ணியா? ஐயோ, வைக்க இடமே இல்லையே. நிழல்ல பாருங்க, சுவரோரம்."

பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சுவர் நெடுக வரிசையாக நின்றன. சபோட்டா அம்மாவின், காது போய்க் கம்பி கட்டிய நீல வாளி. தலைவர் வீட்டு பெயிண்ட் டப்பா. மூடி போட்ட அலுமினியப் பானைகள். எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர், அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். சபோட்டா அம்மா வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று யாரோ கேட்டார்கள்.

"குழந்தையைக் குளிப்பாட்டக்கூட நல்ல தண்ணி கிடைச்சுது" என்றது உள்ளேயிருந்த குரல். "பம்பை ரிப்பேர் பண்ணிட்டாங்களா? மெக்கானிக் வந்தாரா?"

தலைவர் மெல்ல நகர்ந்து பெயிண்ட் டப்பாவை மறைத்து நின்றார்.

"சரி, இனிமே ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் கொண்டுவராதீங்க. இதுவே தாராளம்."

குழந்தை அழ ஆரம்பித்தது. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். மைன்சா கடைசியாக நின்றாள்.

வரிசையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கேன் சற்றுச் சாய்ந்து, வாயோரம் கசிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து அதை நிமிர்த்தி வைத்து, சோளக்கட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினாள்.