சிவப்புக் கோடு

மனிதர்கள் ஓய்வாக இருக்கும்போது இதயம் எப்படித் துடிக்கிறது என்று அளக்கும் கைப்பட்டையை, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தவள் நான். அதைப் பூங்காவில் நாலு பேர் கையில் கட்டிவிட்டு, சுண்டல் தின்றுகொண்டே கட்டுரை எழுதியவள் ஜெசிந்தா. விருது அவளுக்கு. என் பெயர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

பாராட்டு விழாவுக்கு வந்த எல்லோர் கையிலும் பட்டையைக் கட்டச் சொல்லியிருந்தாள். மேடைத் திரையில் ஆளுக்கொரு நிறத்தில் கோடு ஓடியது. எது யாருடையது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. என்னுடையது சிவப்பு என்று எனக்கு மட்டும் தெரியும்.

துறைத்தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். மற்ற கோடுகள் சோம்பலாக நெளிந்துகொண்டிருக்க, சிவப்பு மட்டும் திரையின் உச்சிக்குத் தாவியது. அரங்கமே வாய் பிளந்து பார்த்தது. கழற்றிவிடலாம் என்றால் கொக்கி வரவில்லை. அதையும் அத்தனை கெட்டியாகச் செய்தவள் நான்தான்.

ஜெசிந்தா மைக்கைப் பிடித்தாள். குரல் தழுதழுத்தது.

"எனக்காக இவ்வளவு சந்தோஷப்படுற ஆள் யாருங்க? தயவுசெஞ்சு கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. அவள் கண்கள் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தன. நான் கையைத் தூக்கினேன்.

"நீயாடி!"

மேடையிலிருந்து ஓடி வந்து, பொன்னாடையைக் கழற்றி எனக்குப் போர்த்திக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். சிவப்புக் கோடு இறங்கவே இல்லை.