ஒரு நாளைக்கு ஒரு ஊசி

"பக்கத்துப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு மூணு ஊசி. எங்கம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு. மிச்சம் ரெண்டும் எங்கே போகுது டாக்டர்?"

டாக்டரின் மேஜைமேல் ஒரு நோட்டைத் தொப்பென்று போட்டாள் அவள்.

ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவள். அவளிடமே திருட்டு வேலை காட்டினால் நடக்குமா? மூன்று நாளாகச் சோறு தண்ணி மறந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, ஊசி போடும் நர்ஸ் வருவதையும் போவதையும் மணி போட்டு எழுதியிருக்கிறாள். புகார்க் கடிதமும் தயார். இன்றைக்கு அந்த நர்ஸின் வேலைக்கு வேட்டு வைக்காமல் ஓய்வதில்லை என்று ஒரே பிடிவாதம்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"பக்கத்துப் படுக்கைக்கு வேற மருந்தும்மா. உங்கம்மாவுக்குப் போடறது ரத்தத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனா அதுக்குள்ள வாங்கின அடியில, மருந்து போன பிறகும் கிருமி மணிக்கணக்கா தலைதூக்காது. அதான் ஒரு ஊசி. அடிக்கடி போட்டா கிட்னியையும் காதையும் பதம் பார்த்துடும். எழுதிக் கொடுத்ததே நான்தான்."

அவளுக்குச் சுருதி இறங்கிவிட்டது. ஆனாலும் விட்டாளா?

"சரி, ஊசி இல்லைன்னா மத்தியானமும் சாயங்காலமும் வெறுங்கையோட எதுக்கு வர்றாங்க? அம்மா காதுல என்னவோ கிசுகிசுக்கறாங்க. நான் நிமிர்ந்து பார்த்தா நழுவிடறாங்க. பாருங்க, மூணு நாள்ல ஆறு தடவை!"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"அந்த மருந்துல காது மந்தமாகுதான்னு பார்க்கிறாங்க. ரகசியமாப் பேசினா கேக்குதுன்னா காது நல்லா இருக்குன்னு அர்த்தம். இத்தனை தடவை பார்க்கச் சொல்லி நான் சொல்லலை. அவங்களாவே செய்யறாங்க."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடிதத்தைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

"அம்மா, அந்த நர்ஸ் உன் காதுல என்னதான் சொல்றாங்க?"

அம்மா சிரித்தாள்.

"நீ அவங்களைப் பத்தி நோட்டுல எழுதறது அவங்களுக்கு முதல் நாளே தெரியும்டி."

"ஐயோ! அதைத்தான் சொன்னாங்களா?"

"சேச்சே! மூணு நாளா ஒரே கேள்விதான். 'உங்க பொண்ணு இப்பவாவது சாப்பிட்டாளா?'ன்னு."